வேல்த்தாயின் இடது கண்

செவல்குளத்து வேல்த்தாயின் பிளாஸ்டிக் கண்ணுக்குப் பார்வை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அரசு ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் வரிசை வாசலைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் நின்றது, சிஸ்டர் எஸ்தர் டோக்கன் நம்பரை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், இரண்டு மின்விசிறிகளில் ஒன்று ஓடவில்லை, மற்றபடி அன்றைக்கு விசேஷமாக எதுவும் இல்லை. டாக்டர் அருமைநாயகம் அந்தக் கண்ணை இரண்டு விரலால் பிடித்து, மேல் இமையைத் தூக்கி உள்ளே சொருகி, கீழ் இமையை இழுத்துவிட்டு, "உறுத்துதாம்மா?" என்று கேட்டார். வேல்த்தாய் சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள்.

"உறுத்தல டாக்டரய்யா. ஆனா தெரியுது."

"என்ன தெரியுது?"

"எல்லாந்தான். உங்க பேனா மூடி திறந்து கெடக்கு. சட்டைப் பையில மை ஊறுது."

அவர் குனிந்து பார்த்தார். ஊறியிருந்தது.

எழுத்துத் தெரியாதவர்களுக்கென்று மூன்று பல் சீப்பை நாலு திசைக்கும் திருப்பித் திருப்பி அச்சடித்த மாதிரி ஓர் அட்டை அங்கே உண்டு. வேல்த்தாயின் வலது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டி, அந்த அட்டைக்கு எதிரே உட்காரவைத்தார்கள். சீப்பின் பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவள் விரலை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டே மேல் வரியிலிருந்து இறங்கி, சிஸ்டர் எஸ்தரே கண்ணாடி போட்டால்தான் படிக்கிற கடைசி வரியையும் முடித்தாள். டாக்டர் அந்தக் கண்ணைக் கழற்றினார். "இருட்டு," என்றாள். மறுபடி மாட்டினார். "வந்துருச்சு," என்றாள். அவர் கை கழுவிவிட்டு வந்து, நோயாளிச் சீட்டில் தன்னுடைய உருண்டை எழுத்தில், "இடது கண், செயற்கை. பார்வை முழுமையாக உள்ளது" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். இருபத்திரண்டு வருஷமாக அவர் கண்டதைத்தான் எழுதிவந்தார், அதோடு நாற்பத்தெட்டாம் டோக்கன் வெளியே இருமிக்கொண்டிருந்தது.

அவரை அந்தப் பக்கத்தில் ரெப்பை டாக்டர் என்பார்கள். கண்ணுக்குள்ளே இருக்கிறதைப் பார்க்கிற டாக்டர்கள் வேறு. இவர் கண்ணைச் சுற்றி இருக்கிறதைப் பார்த்தார். தொங்கிப்போன இமையைத் தூக்கிக் கட்டுவார், உள்பக்கம் மடங்கி விழியைக் குத்துகிற முடியைத் திருப்பிவிடுவார், கண்ணுக்குப் பின்னால் கட்டி வளர்ந்து விழி வெளியே பிதுங்கி வந்தவர்களுக்கு எலும்பைத் திறந்து கட்டியை எடுப்பார். அது பட்டாசு செய்கிற பூமி என்பதால், வெடித்துச் சிதறிய கண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, காலியான குழியைப் பக்குவப்படுத்தி, அதில் பொருந்துகிற பிளாஸ்டிக் கண்ணைத் தானே வார்த்து, மற்றக் கண்ணைப் பார்த்துப் பார்த்து மெல்லிய தூரிகையால் கருவிழியின் ரேகைகளை வரைந்து மாட்டிவிடுவதே அவருக்குப் பெரும்பாலும் வேலையாக இருந்தது. பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டபோது அவர் போகவில்லை. இவ்வளவு காலிக் குழிகள் வேறு எங்கேயும் கிடைக்காது என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசமாட்டார்.

வேல்த்தாய் கண்ணை இழந்த கதை இவ்வளவுதான். அவளும் அவள் தங்கச்சி மாரிக்கனியும் ஊருக்கு வெளியே ஒரு பயர் ஆபீசில் வேலை பார்த்தார்கள். பட்டாசு ஆலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். தீபாவளி ஆர்டர் நெருக்கியது. நிழலில் மெல்லக் காயவேண்டிய வெடிமருந்தைப் போர்மேன் சங்கரபாண்டியன் மத்தியான வெயிலில், தகரத்தின்மேல் பரப்பச் சொன்னான். மாரிக்கனி பரப்பினாள். வெடித்தது. மாரிக்கனி அன்றைக்கு ஒருநாள் கூலியாக வந்தவள், ஆள் பதிவில் அவள் பேர் இல்லை. அதனால் அவள் அங்கே சாகவில்லை என்றும், வீட்டில் அடுப்பு வெடித்துச் செத்தாள் என்றும் எழுதப்பட்டது, அண்டை வீட்டார் இருவர் அதற்குக் கையெழுத்தும் போட்டார்கள். ஆக, அரசாங்கத் தாளில் அந்த வெடி விபத்தில் மிச்சமிருந்த ஒரே நஷ்டம் வேல்த்தாயின் இடது கண். ஒருவருக்கு ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போனால் அது கொடுங்காயம் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் முதலாளிமேலும் போர்மேன்மேலும் வழக்கு நின்றது, பயர் ஆபீஸ் கதவில் அரக்கு முத்திரை விழுந்தது. வேல்த்தாய்க்குத் தங்கச்சிக்காக அழ ஒரு மயானம் இருந்தது, கேட்க ஒரு கோர்ட் இல்லை. தன் கண்குழி ஒன்றுதான் அவள் கையில் இருந்த சாட்சி.

அந்தக் குழியில்தான் இப்போது பார்வை வந்து உட்கார்ந்தது.

ஊர் முதலில் சந்தோஷப்பட்டது. காரணமும் ஊரே கண்டுபிடித்துக்கொண்டது. பிய்ந்துபோன இமைக்கு உள்பக்கம் வைத்துத் தைக்க டாக்டர் அவளுடைய உதட்டின் உட்புறத்திலிருந்து சவ்வெடுத்திருந்தார். வாயிலிருந்து எடுத்ததை வைத்துத் தைத்ததால் கண்ணுக்கு உசிர் வந்துவிட்டது என்று பெண்கள் சொன்னார்கள். அம்மன் கோவில் பூசாரி அது அம்மனின் மூன்றாவது கண் என்றார். மற்ற இரண்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டை அவள் இடது கண்ணால் பார்த்து நிறத்தையும் நம்பரின் வடிவத்தையும் சொல்ல, ஓடுகிறவர்கள் ஓடினார்கள், நிற்கிறவர்கள் நின்றார்கள். தையல்காரர்கள் ஊசியைக் கொண்டுவந்து நூல் கோத்துப் போனார்கள். அந்தக் கண் பட்ட கைக்குழந்தைக்குச் சளி பிடிக்காது என்று ஒரு பேச்சு கிளம்பி, காலையில் அவள் வாசலில் ஏழெட்டுப் பேர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் யாரையும் விரட்டவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, போங்க," என்று அனுப்பினாள்.

அருமைநாயகத்திடம் ஏற்கெனவே பிளாஸ்டிக் கண் வாங்கியவர்கள் நாற்பத்திரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்து அதே மாதிரி தங்களுக்கும் செய்யச் சொன்னார்கள். அதே பிளாஸ்டிக் தூளை, அதே அச்சில், அதே வர்ணத்தால், அதே தூரிகையால் நாற்பத்திரண்டு கண் செய்தார். ஒன்றும் பார்க்கவில்லை. "அவளுக்கு மட்டும் என்னத்தைப் பூசினீக?" என்று ஒருவர் கேட்டார், மற்றவர்கள் பேசாமல் பஸ் ஏறினார்கள். ஆனாலும் பத்திரிகையில் டாக்டர் படம் வந்தது. சென்னையில் கண் மருத்துவர்களின் மாநாட்டில் பேச அழைப்பு வந்தது. இருபத்திரண்டு வருஷம் காலிக் குழிகளையே பார்த்துப் பழகிய மனிதர் அந்த அழைப்பை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு, சீட்டு எழுதும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு கார்த்திகை வந்தது, தை வந்தது. பயர் ஆபீஸ் கதவில் முத்திரை அப்படியே இருந்தது. முந்நூறு குடும்பத்துக்கு வேலை இல்லை. குழந்தைகளைக் காட்ட வந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள்; வந்தவர்கள் வேறு விஷயம் பேசினார்கள். ஒரு காலை பத்துப் பெண்கள் சேர்ந்து வந்து அவள் வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றது பேச்சியம்மாள், அடுத்த வீட்டுக்காரி, மாரிக்கனி அடுப்பு வெடித்துச் செத்தாள் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருத்தி.

"உனக்குத்தான் கண்ணு வந்துருச்சுல்ல தாயி," என்றாள் பேச்சியம்மாள். "கோர்ட்டுல போயி வந்துருச்சுன்னு சொல்லிரு. முத்திரையை எடுத்துருவாக. எம் மக காலேஜை விட்டு நின்னுட்டா."

"எந் தங்கச்சி வந்துட்டாளா மதினி?"

பேச்சியம்மாள் தரையைப் பார்த்துச் சொன்னாள், "அவ போயிட்டா. இருக்கிற நாங்க என்ன செய்யிறது, அதைச் சொல்லு."

வேல்த்தாய் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஊரே கூடி, அந்தக் கண்ணுக்கு நன்றியென்று அம்மன் கோவிலில் பொங்கல் வைத்தது. அரிசியும் வெல்லமும் போர்மேன் சங்கரபாண்டியன் வாங்கிக் கொடுத்தது. வேல்த்தாயைக் கூட்டிவந்து நடுவில் நிறுத்தி மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், அவளுடைய இடது கண்ணுக்கு எதிரே ஊசியை நீட்டி நூல் கோக்கச் சொல்லி அதையும் எடுத்தார்கள். அவள் கோத்தாள். கோக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊசியை நீட்டியது பேச்சியம்மாளின் மகள், காலேஜை விட்டு நின்ற பெண். ஒரு வாரத்தில் அந்தப் படங்களெல்லாம் முதலாளி தரப்பு வக்கீலின் கேஸ் கட்டுக்குள் போய்ச் சேர்ந்தன. டாக்டர் எழுதிய நோயாளிச் சீட்டின் நகல் அதற்கு முன்னமே அங்கே இருந்தது.

வேல்த்தாய் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவளுக்கு டோக்கன் இல்லை. கடைசி ஆள் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வந்தாள்.

"இதை எடுத்துருங்க டாக்டரய்யா."

"வலிக்குதா?"

"வலிக்கல. நல்லாத் தெரியுது. அதான் எடுக்கச் சொல்றேன்."

அவருக்குப் புரிந்தது. புரியாத மாதிரி மேசையிலிருந்த தாள்களை அடுக்கினார். "கழற்றி வீட்டுல வச்சுக்கோ. கோர்ட்டுக்குப் போடாமப் போ."

"போட்டுக்கிட்டு வரச் சொல்லுவாக. முதலாளி வக்கீல் கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டாராம். அது இருக்கக் கூடாது. ஒடைச்சுப் போடணும்."

"ஒரு பதினஞ்சு நாள் பொறும்மா." தன் குரல் தனக்கே அன்னியமாகக் கேட்டது அவருக்கு. "சென்னையில ஒரு மீட்டிங் இருக்கு. நீயும் வரணும். பெரிய பெரிய டாக்டர்லாம் ஒரு தடவை பார்த்துட்டா, அப்புறம்... இது உலகத்துலயே எங்கயும் நடக்காதது. உனக்குக் கெடைச்ச கண்ணும்மா இது."

வேல்த்தாய் கோபப்படவில்லை. இரண்டு கண்ணாலும் அவரைப் பார்த்தாள்.

"எனக்குக் கெடைச்ச கண்ணா, அவுகளுக்குக் கெடைச்ச கண்ணா? இது வந்த நாள்லருந்து எந் தங்கச்சியப் பத்தி ஒரு ஆள் என்கிட்ட கேக்கல. அவ செத்த இடத்துல என்ன நடந்துச்சுன்னு கேக்கத்தான் அந்த ஒரு கேஸு. அதுக்கு எங்கிட்ட இருந்தது ஒரு குழி. அதையும் இது அடைச்சுக்கிட்டு உக்காந்துருக்கு." நிறுத்திவிட்டு, "நீங்க நல்ல மனசோடதான் செஞ்சீக. அது எனக்குத் தெரியும்," என்றாள்.

சிஸ்டர் எஸ்தர் கதவோரத்தில் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அருமைநாயகம் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த அழைப்பை ஒரு முறை பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அழைப்பின்மேல் இருந்த ஆசை போகாததால் இன்னும் வெட்கமாக இருந்தது. எழுந்து கை கழுவினார். கீழ் இமையை அழுத்தி அந்தக் கண்ணை உள்ளங்கையில் வாங்கினார். அது ஈரமாக, சூடாக இருந்தது; அவர் வரைந்த ரேகைகள் அத்தனையும் அதில் இருந்தன. பக்கத்து அறையில் பிளாஸ்டிக் கண்களை மெருகேற்றுகிற சின்ன மோட்டார் இருந்தது. அதில் கரடுமுரடான கல்லை மாட்டி, கண்ணை விரல் நுனியில் பிடித்து வைத்தார். வெள்ளை முதலில் போனது, பிறகு பழுப்பு, கடைசியில் நடுவிலிருந்த கறுப்புப் புள்ளி. மேசைமேல் ஒரு கரண்டியளவு தூள் விழுந்தது. வேல்த்தாய் பக்கத்தில் நின்று வலது கண்ணால் முழுவதையும் பார்த்தாள்.

"எதாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல. சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு."

வேறொரு கண் செய்து மாட்டினார். அது பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு கண்களைப்போல அதுவும் அழகாக இருந்தது.

கோர்ட்டில் அன்றைக்கு செவல்குளம் பாதி வந்திருந்தது. நடுவர் முன்னிலையில் அவளுடைய வலது கண்ணைக் கட்டி, இடது கண்ணுக்கு எதிரே விரலைக் காட்டினார்கள், விளக்கைக் காட்டினார்கள், பொங்கல் படத்தைக் காட்டினார்கள். "தெரியல," என்றாள். அது உண்மையாக இருந்ததால் அவள் குரல் அசையவில்லை. அரசுத் தரப்பு வக்கீலுக்கே முகம் மலர்ந்தது. முதலாளி தரப்பு வக்கீல் அவசரப்படாமல் எழுந்து, நோயாளிச் சீட்டை நீட்டினார்.

"டாக்டர், இது உங்க எழுத்தா?"

"ஆமா."

"பார்வை முழுமையாக உள்ளது. நீங்க எழுதினது உண்மையா, பொய்யா?"

பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துபோகும் என்பது அருமைநாயகத்துக்குத் தெரிந்தது. ஆனால் வாசலில் சிஸ்டர் எஸ்தர் சாட்சிச் சம்மனோடு உட்கார்ந்திருந்தாள், கேஸ் கட்டுக்குள் படங்கள் இருந்தன, கூட்டத்தில் நூறு பேர் அந்தக் கண்ணின் தயவில் பஸ் பிடித்தவர்கள் இருந்தார்கள். அதைவிட, அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் பார்த்ததை அவரால் பார்க்கவில்லை என்று சொல்ல முடியவில்லை. அது நேர்மையா, அகம்பாவமா என்று பின்னால் நிறைய நாள் அவர் யோசித்தார், கண்டுபிடிக்கவில்லை.

"உண்மை," என்றார்.

"இப்போ பார்வை இல்லை. நடுவுல அதை எடுத்தது யாரு?"

"நான்தான்."

"நாந்தான் எடுக்கச் சொன்னேன்!" என்று வேல்த்தாய் கத்தினாள். "எந் தங்கச்சி மாரிக்கனி அங்கதான் செத்தா! தகரத்துல மருந்தைப் பரப்பச் சொன்னது அந்தாளு!" நடுவர் மேசையைத் தட்டி, இறந்தவர் என்று யாரும் இந்த வழக்கில் இல்லை, சம்பந்தமில்லாததைப் பேசக் கூடாது என்றார். தட்டச்சு செய்கிற பெண் விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தாள். வேல்த்தாய் பேசி முடித்த பிறகுதான் மறுபடி தட்டினாள்.

தர்க்கம் ரொம்ப நேர்த்தியாக இருந்தது, அதில் யாரும் குறை சொல்ல முடியவில்லை. பயர் ஆபீசில் போன பார்வை ஆஸ்பத்திரியில் திரும்ப வந்துவிட்டதால் அது நிரந்தர இழப்பு ஆகாது. கொடுங்காயம் இல்லை, சாதாரணக் காயம். முதலாளிக்கும் போர்மேனுக்கும் அபராதம் விதித்து அனுப்பினார்கள். முத்திரை உடைந்தது. ஊர் அன்றைக்கு வெடி போட்டது. அவர்களிடம் எப்போதும் வெடிக்குப் பஞ்சம் இல்லை. இரண்டாவதாகப் போன பார்வை திரும்ப வரவே வராது என்பதால் அதுதான் நிரந்தர இழப்பு, அதைச் செய்தவர் டாக்டர் அருமைநாயகம் என்று புதிதாக ஒரு வழக்கு பதிவானது. வேல்த்தாய் புகார் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றாள்; அரசாங்கமே எழுதிக்கொண்டது. தன் சம்மதத்தோடுதான் செய்தார் என்றாள். கொடுங்காயத்துக்குச் சம்மதம் செல்லாது என்றார்கள்.

வழக்கு நடந்த ஒன்றரை வருஷத்தில் செவல்குளம் எல்லாவற்றையும் தனக்குத் தோதாக அடுக்கிக்கொண்டது. கண்ணை எடுத்த ரெப்பை டாக்டர் வருகிறார் என்று சொல்லிப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினார்கள். அம்மன் கொடுத்ததை மனுஷன் பிடுங்கிவிட்டான் என்று பூசாரி சொன்னார். கண்ணில் அடிபட்டவர்கள் இப்போது அவரிடம் வராமல் தூரத்து நகரத்துக்குப் போனார்கள், போக முடியாதவர்கள் குழியைத் துணியால் மூடிக்கொண்டார்கள். பேச்சியம்மாளின் மகள் காலேஜுக்குத் திரும்பவில்லை. பயர் ஆபீசிலேயே சேர்ந்தாள். வேல்த்தாயும் சேர்ந்தாள், அந்த வட்டாரத்தில் வேறு வேலை கிடையாது. சங்கரபாண்டியன் அவளுக்குப் பெட்டியில் லேபிள் ஒட்டுகிற சுலபமான வேலையாகப் பார்த்துக் கொடுத்தான். அதை அவன் கருணை என்று நினைத்தான், மற்றவர்களும் நினைத்தார்கள்.

தீர்ப்பு வந்த அன்று டாக்டருக்கு மூன்று வருஷ ஜெயில் கிடைத்தது. டாக்டர் பட்டியலிலிருந்து அவர் பேரை எடுக்கும்படியும் எழுதியிருந்தது. கோர்ட் வராந்தாவில், போலீஸ் வேன் வருகிறவரைக்கும், ஒரு கான்ஸ்டபிளின் பக்கத்தில் அவர் நின்றார். வேல்த்தாய் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள், விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது. கையில் தீர்ப்பின் நகல் வைத்திருந்தாள்.

"இதுல என் பேரு எங்க வருதுன்னு காட்டுங்க."

அவர் தாளைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்து வாசித்தார். "வேல்த்தாய் என்பவருக்கு இடது கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போய்விட்டது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகியுள்ளது."

"இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தார். அவள் உதட்டை அசைத்து அசைத்துக் கூடவே சொல்லிப் பார்த்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்காக," என்றாள். "ஆளைத்தான் மாத்திப்புட்டாக."

அவர் தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். நடந்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று அவள் யோசித்தாள், அவரும் அதையே யோசித்தார், இருவரும் கேட்கவில்லை. ரோட்டில் பயர் ஆபீஸ் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது, டிரைவர் கையைக் காட்டிக் கூப்பிட்டான். "வரேன் டாக்டரய்யா," என்று சொல்லிவிட்டு அவள் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வேகமாகப் போனாள். ஏறும்போது இடதுபக்கம் பாதி திறந்திருந்த கதவு அவளுக்குத் தெரியவில்லை, தோள்பட்டையில் மோதியது. வராந்தாவிலிருந்து அருமைநாயகம், "பார்த்தும்மா!" என்று கத்தினார். அவள் தோளைத் தடவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள், வேன் கிளம்பியது.